வலது ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

மரணம் ஒன்றே கலையைச் சிறையிலிருந்து விடுவிக்கும் திறவுகோல்.

இந்த வாசகத்தை நீதிபதி தன் பயனர் பக்கத்தின் உச்சியில் தடித்த எழுத்தில், தங்க நிறத்தில் போட்டு வைத்திருந்தார். அந்தப் பக்கம் இதுவரை முந்நூற்றுப் பதினாறு முறை பார்க்கப்பட்டிருந்தது. அதில் முந்நூறு முறை பார்த்தவர் அவரே.

அவர் உண்மையில் நீதிபதி அல்ல. சட்டப் புத்தகங்கள் அச்சிடும் இடத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். பழைய புத்தகப் படங்களை ஊர்கூடிச் சேர்த்துவைக்கும் ஓர் இணையக் களஞ்சியத்தில், மற்றவர்கள் ஏற்றும் படங்களுக்குக் கீழே 'காப்புரிமை ஐயம், நீக்குக' என்று எழுதி எழுதியே அந்தப் பெயரை வாங்கினார். வரைந்தவர் இறந்து எழுபது வருடம் ஆகியிருந்தால் படம் எல்லோருக்கும் பொது. ஆகவில்லையென்றால் குடும்பத்துக்குச் சொந்தம். களஞ்சியத்தில் இருக்கக் கூடாது. ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவர் மனதில் எழும் முதல் கேள்வி, ஆள் எப்போது போனார் என்பதுதான்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு, தானே ஏற்றிய இருநூற்றுப் பன்னிரண்டு படங்களுக்காக, முன்பின் தெரியாத ஓவியர் ஒருவருடைய மரணச் சான்றிதழைத் தேடி, ஒரு பழைய மாடி வீட்டின் அழைப்புமணியை அழுத்திக்கொண்டு நின்றார்.

மணி அடிக்கவில்லை. ஆனால் மாடியில் ஏதோ ஒரு சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

கிறீச். கிறீச். கிறீச்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒரு சிறுவர் புத்தகத்தில் வந்தவை. சட்டை போட்ட தவளை, குடை பிடித்த ஆமை, மூக்குக் கண்ணாடியோடு செய்தித்தாள் படிக்கும் எலி. நான்கு வருடத்துக்கு முன் நீதிபதியும் அவர் தங்கையும் சேர்ந்து அவற்றைப் படம் பிடித்தார்கள். சாப்பாட்டு மேசைமேல் ஒரு தாங்கி, அதில் தரையைப் பார்த்தபடி கேமரா, அதன் கீழே புத்தகம். இடது பக்கம் தங்கை உட்கார்ந்து தாளைப் புரட்டுவாள். வலது பக்கம் இவர் நின்று பொத்தானை அழுத்துவார். ஆறு வாரம் ஆயிற்று. முடித்துப் பார்த்தால், எல்லாப் படத்திலும் வலது ஓரத்தில், கீழே, மங்கலாக ஒரு கட்டைவிரல் நுனி.

"விரல எடு, விரல எடுன்னு எத்தன தடவ சொல்றது? உலகமே பாக்கப் போற படம்."

"உலகம் தவளையப் பாக்குமா, விரலப் பாக்குமா?"

"ஒனக்கு ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியாது."

"சரி அண்ணா, பழி எனக்கே இருக்கட்டும். உங்க பேருல ஒரு களங்கம் வந்துடக் கூடாது பாருங்க." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை.

விரலைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று படங்களை அப்படியே ஏற்றினார். நான்கு வருடமாகியும் அந்தப் பிறகு வரவில்லை.

ஏற்றும்போது படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'வரைந்தவர் மறைந்த ஆண்டு.' நிரப்பாமல் மேலே போக விடாது. ஓவியர் எப்போது மறைந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரார் படங்களை ஒரு நாள் குறைந்தாலும் தூக்கியெறிந்த நீதிபதி, எண்பது வருடத்துக்கு முந்தைய ஏதோ ஓர் ஆண்டைத் தன் சொந்த வீட்டுக் கதவு எண்ணை எழுதுவதுபோல் தயங்காமல் அடித்தார். அங்கிருந்து அதை ஒரு கலைக்களஞ்சியம் எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து ஒரு புத்தகக் கடை. அதைப் பார்த்து ஒரு வினாடி வினா. ஆறே மாதத்தில் நாற்பது இடங்களில் அந்த ஓவியர் எண்பது வருடத்துக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

போன வருடக் கடைசியில் யாரோ ஒருவர் கேட்டார்: 'இந்த ஆண்டுக்கு ஆதாரம் என்ன?' பதில் சொல்ல ஏழு நாள் அவகாசம். அந்த ஏழு நாளும் நீதிபதி மருத்துவமனை நடையில், தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் படங்கள் நீக்கப்பட்டன. ஒன்பதாம் நாள் தங்கை போனாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், மூலப்படங்கள் இருந்த அதன் வட்டும் போயிருந்தது.

தங்கைக்கென்று இருந்தவை, தேடப்படும் குற்றவாளி மாதிரி விழித்துக்கொண்டிருக்கும் ஓர் அடையாள அட்டைப் படமும், கல்யாணக் கூட்டங்களின் கடைசி வரிசையில் பாதி வெட்டுப்பட்ட முகமும்தான். அவள் அவர் பக்கத்தில் இருந்ததற்கு இருநூற்றுப் பன்னிரண்டு சாட்சிகள் இருந்தன. எல்லாம் நீக்கப்பட்ட பக்கத்தின் பின்னால் அடைபட்டுக் கிடந்தன.

களஞ்சியத்தைப் பெருக்கித் துடைக்கும் நிர்வாகி ஒருவர் உண்டு. துடைப்பம் என்று பெயர். அவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"தம்பி, பொதுவுல போட வேணாம். எனக்கு மட்டும் அனுப்பு. ஒரே ஒரு படம் போதும்."

"முடியாது சார். நீக்கின படத்தத் தனியாக்கூட யாருக்கும் அனுப்பக் கூடாதுன்னு விதி இருக்கு."

"எந்த மடையன் போட்டான் அந்த விதிய?"

மறுமுனையில் ஒரு செருமல். "நீங்கதான் சார். பதினொண்ணுக்கு ரெண்டு ஓட்டு. அந்த ரெண்டுல ஒண்ணு என்னோடது."

நீதிபதி தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"மீட்பு மனு போட்டிருக்கீங்க இல்ல? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எறந்த வருஷத்துக்கு ஒரு ஆதாரம் ஏத்துங்க. அடுத்த நிமிஷம் படத்தத் திருப்பிடறேன். அஞ்சு தாண்டினா மனுவ மூடிடுவோம். ரெண்டாவது மனு கெடயாது. அதுவும் உங்க விதிதான் சார், கோவிச்சுக்காதீங்க."

இன்று வெள்ளிக்கிழமை.

கதவு திறந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. ஓவியரின் மருமகள். அவளுக்குப் பின்னாலிருந்து மையும் பசையும் நனைந்த காகிதமும் கலந்த வாடை அடித்தது.

"நான் பழைய புத்தகப் படங்களோட இணையக் களஞ்சியத்துலேந்து வர்றேன். உங்க மாமனார் எந்த வருஷம் காலமானாருன்னு ஒரு சின்னத் தகவல்..."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அது?" என்றாள். "வாங்க."

கூடத்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. எதையும் மறைக்காத வெயில். சுவரில் ஒரு கல்யாணப் படம். இள வயதில் அவள் நிற்கிறாள். அவள் கை, பக்கத்திலிருப்பவரின் முழங்கையைக் கோத்தபடி மடிந்திருக்கிறது. அந்த மடிப்புக்குள் எதுவும் இல்லை. பின்னாலிருந்த திரைச்சீலைதான் தெரிந்தது. அதற்கு மேலே, ஓர் ஆளின் உயரத்தில், ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

"கறையான் இல்ல, ஈரமும் இல்ல," என்றாள். "எடுத்த ஸ்டுடியோவுக்கே கொண்டுபோனேன். நெகட்டிவ்லயும் அப்படியே போயிட்டிருக்குன்னு சொல்லி, காட்டின கையோட என்னைய வெளிய அனுப்பிட்டாங்க."

"எப்பலேந்து?"

"நாலு வருஷமா. மொதல்ல செருப்பு போச்சு. அப்புறம் முழங்கால். ஏழாம் மாசம் இடுப்பு வரைக்கும். அவர் செத்துப் போயி ஆறு வருஷம் ஆவுது சார், அது போகட்டும், எல்லாரும் போறதுதான். ஆனா போன மாசம் சித்தி மக வந்தவ கேக்கறா, 'ஏன்க்கா, நீ கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல?'ன்னு. வெளையாடறான்னு நெனச்சேன். அவ சிரிக்கல."

மாடியில் சத்தம் வேகமெடுத்தது. கிறீச் கிறீச் கிறீச்.

"என் வீட்டுக்காரர் பொறந்து எழுபது வருஷம். அவங்கப்பாவ நீங்க எண்பது வருஷம் முன்னாடியே சாவடிச்சிட்டீங்க." அவள் குரலில் கோபம் இல்லை, வானிலை சொல்வதுபோல் சொன்னாள். "அப்புறம் எப்படிப் பொறப்பாரு?"

நீதிபதி மறுபடி கல்யாணப் படத்தைப் பார்த்தார்.

"நானும் எழுதினேன். தேதி தப்பு, திருத்துங்கன்னு மூணு தடவ. 'ஆதாரமற்ற திருத்தம்'னு மூணு தடவையும் யாரோ அழிச்சுட்டாங்க."

யாரென்று அவருக்குத் தெரியும். மூன்றாம் தடவை ஓர் எச்சரிக்கையும் கொடுத்திருந்தார்.

"மேல யாரு?" என்று பேச்சை மாற்றினார்.

"மாமா."

"உயிரோடயா இருக்காரு?" என்று பயந்துபோய்க் கேட்டார். அது பேய் பயம் அல்ல. இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் படங்கள் நிரந்தரமாகப் போய்விடுமே என்ற பயம்.

"இல்ல. நான் வாக்கப்பட்டு வரும்போதே இல்ல. அவர நான் பாத்ததே கெடயாது. நாலு வருஷமாத்தான் சத்தம். காலைல தொடங்கினா வெளிச்சம் இருக்கிற வரைக்கும் வரைவாரு."

"ராத்திரியில?"

"ராத்திரியில எப்படி வரைய முடியும்? விளக்கு வெளிச்சத்துல வரைய மாட்டாராம், என் வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு."

அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, அதிலிருந்து மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். மரணச் சான்றிதழ். பெயர், தேதி, மாதம், முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. ஆண்டும் தெளிவாக இருந்தது. அறுபது வருடத்துக்கு முந்தைய ஆண்டு.

எழுபதுக்குப் பத்து குறைவு. களஞ்சியத்தின் கணக்கில் அந்தப் படங்கள் வெளியே வரப் பதினோராவது வருடத்தின் ஜனவரி முதல் தேதி ஆகும். அவருக்கு வயது எழுபத்துமூன்று. நெஞ்சில் தையல் போட்ட தடம் இன்னும் அரிக்கிறது.

"தண்ணி கொண்டுவர்றேன்," என்று அவள் உள்ளே போனாள்.

அவர் சான்றிதழை மேசைமேல் விரித்தார். ஓரம் சுருண்டுகொண்டே வந்ததால் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறு கையில் தொலைபேசி. பிடித்த கை கொஞ்சம் நகர்ந்தது. கட்டைவிரல் ஆண்டின் கடைசி இரண்டு எண்களின் மேல் போய் உட்கார்ந்தது.

படம் எடுத்தார்.

ஆதாரம் என்று ஒரு முத்திரைத் தாள் இருந்தால் போதும், யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். இது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் களஞ்சியத்தில் இல்லை. திரையில் பார்த்தார். தாளின் ஓரத்தில் மங்கலாக விழுந்திருந்த அந்த விரலை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. யோசிக்க நேரமில்லை. மணி நான்கு பத்து.

மாடியில் சத்தம் நின்றது.

அதுவரை இருந்த சத்தம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீரோடு வந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள். அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"என்ன பண்ணினீங்க?" என்று கிசுகிசுத்தாள்.

நெற்றி இல்லை. இடது கண் இல்லை. வலது கண் மட்டும் திரைச்சீலையின் நடுவே இருந்தது. அது நீதிபதியைப் பார்த்தது.

"மேல போங்க."

"எதுக்கு?"

"அவர் நிறுத்தினதே கெடயாது சார். வெளிச்சம் இருக்கும்போது ஒரு நாளும் நிறுத்தினதில்ல. போய்ச் சொல்லுங்க. நீங்கதானே பண்ணீங்க, நீங்களே போய்ச் சொல்லுங்க."

பதினேழு படிகள். ஒவ்வொரு படியிலும் மை வாடை ஏறிக்கொண்டே போனது.

அறையில் மேற்கு ஜன்னல் முழுவதும் திறந்திருந்தது. சாய்வு மேசை, மைக்கூடு, ஒரு தொட்டெழுதும் பேனா. சுவரோரம், தரையில், ஜன்னல் விளிம்பில், எங்கு பார்த்தாலும் தாள்கள். ஆயிரக்கணக்கில். எல்லாம் வெறும் வெள்ளை.

ஒன்றை எடுத்தார். விரலில் ஏதோ நெருடியது. பேனா முள் கீறிய பள்ளம். மை இல்லை, தடம் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஒரு நெற்றி. ஒரு மூக்கு. கொஞ்சம் தூக்கினாற்போல் ஒரு காது.

இன்னொரு தாள். அதே நெற்றி, அதே மூக்கு, அதே காது.

இன்னொன்று. ஒரு குழந்தை. அதற்கும் அதே காது.

நான்கு வருடமாக ஒரு தகப்பன் தன் மகனை வரைந்துகொண்டிருக்கிறான். வரைந்த கையே அந்த மகன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனது என்று நாற்பது இடங்களில் எழுதியிருப்பதால், மை காயக் காயக் கோடு மறைந்துகொண்டிருக்கிறது.

"ஐயா," என்றார் நீதிபதி. தன் வாழ்நாளில் எந்த ஓவியரையும் அவர் ஐயா என்று அழைத்ததில்லை. "எனக்கு வேற வழி தெரியல. என் தங்கச்சியோட..."

மேசையில் இருந்த தாளில் ஒரு கோடு விழுந்தது.

பேனா அசையவில்லை.

கோடு வளைந்தது. இரண்டு கைகள் ஆயின. எதையோ ஏந்திக்கொண்டிருக்கும் கைகள். அவற்றின் நடுவே ஒரு துணிச்சுருள். அதில் ஒரு சின்ன முகம். ஈரமாக, கன்னங்கரேலென்று மின்னியது. பிறகு முகம் காய்ந்தது. காய்ந்து மறைந்து போயிற்று. ஏந்திய கைகள் மட்டும் வெறுமையைத் தாங்கிக்கொண்டு நின்றன.

அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டார்கள்.

திரும்பவில்லை.

அவருடைய இடது கை தானாக மடிந்தது. யாரோ மடித்தார்கள்.

அந்த மடிப்பில் ஒன்று வைக்கப்பட்டது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கனம் தெரிந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் கனம். துணிக்குள்ளிருந்து வரும் வெதுவெதுப்பு. அவர் முன்கையில் ஒரு சின்னக் குதிகால் உதைத்தது.

பிறகு கனம் குறையத் தொடங்கியது.

ஒரு பூனைக்குட்டி அளவு.

ஒரு புத்தகம் அளவு.

"இருங்க, இருங்க," என்று வாய்விட்டுக் கதறினார். வலது கையால் தொலைபேசியைத் திறந்து, ஒற்றைக் கட்டைவிரலால் தட்டினார். களஞ்சியத்தில் ஓவியரின் பக்கம்; அந்த நாற்பது இடங்களும் பார்த்து எழுதியது இதைத்தான். மறைந்த ஆண்டு. அழி. அறுபது வருடத்துக்கு முந்தைய அந்த ஆண்டை அடித்தார்; விரல் தப்பாக விழுந்தது; மறுபடி அடித்தார். சேமி.

'மாற்றத்துக்கான காரணம் கட்டாயம்' என்றது பக்கம்.

அதைக் கட்டாயமாக்கப் போராடியவரும் அவர்தான்.

தீப்பெட்டி அளவு.

'பிழை என்னுடையது' என்று அடித்தார். சேமி. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கையில் இப்போது ஒரு மூச்சுதான் இருந்தது. அது இருக்கிறதா, தான் நினைத்துக்கொள்கிறோமா என்றே தெரியவில்லை. ஆடாமல் நின்றார். அழுதால் அந்தக் குலுக்கலில் விழுந்துவிடுமோ என்று அழுகையையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

'சேமிக்கப்பட்டது.'

கை தொங்கிப்போகும் அளவுக்குக் கனம் திரும்பியது. காதருகே ஒரு வீறல், ஒரே ஒரு வீறல். அடுத்த நொடி கையிலிருந்ததை யாரோ பதறி வாங்கிக்கொண்டார்கள்.

மேசைத் தாளில் அந்தச் சின்ன முகம் கருப்பாக இருந்தது. காய்ந்த பிறகும் இருந்தது.

கீழே வந்தபோது மருமகள் கல்யாணப் படத்தின் முன் நின்றிருந்தாள். அவள் கோத்திருந்த முழங்கைக்கு ஒரு சட்டை இருந்தது. சட்டைக்கு ஓர் ஆள் இருந்தார். அவருக்குக் கொஞ்சம் தூக்கினாற்போல் காது இருந்தது.

"செருப்பு வாரு அறுந்துபோய் ஊக்கு குத்தியிருந்தாரு சார் அன்னைக்கு," என்றாள். "அத நான் மறந்தே போயிட்டேன்." அவரை அனுப்பிவைக்கக்கூட அவள் திரும்பவில்லை.

ஐந்து மணிக்கு அவர் தெருமுனையில் நின்றிருந்தபோது துடைப்பம் அழைத்தார்.

"சார், என்ன சார் இது? தேதிய நீங்களே மாத்திட்டீங்க. இதுப்படி மனு தள்ளுபடி."

"தெரியும்."

"பதினோரு வருஷம் கழிச்சு ஜனவரி ஒண்ணாம் தேதி தானா திரும்பி வரும். குறிச்சு வச்சிருக்கேன்."

"அப்ப எனக்கு எண்பத்துநாலு."

"இருப்பீங்க சார்."

"அதுக்கு ஆதாரம் கேளுப்பா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பயனர் பக்கத்தின் தங்க எழுத்து வாசகத்தை அன்றே எடுத்துவிட்டார். எட்டு நாள் யாருடைய படத்தையும் நீக்கச் சொல்லவில்லை. சிலர் அவருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் நண்பகலில் மருந்து வாங்கிக்கொண்டு வந்து, பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தார். மை வாடை அடித்தது.

சாப்பாட்டு மேசைமேல், கேமராத் தாங்கியின் கீழே, ஒரு தாள் இருந்தது.

அதில் அதே மேசை. அதே தாங்கி. விரித்துவைத்த புத்தகத்தில் சட்டை போட்ட தவளை. ஓரத்தில் அந்தப் புத்தகத்தின் எல்லாப் படங்களிலும் இருக்கும் கையெழுத்து; அதன் கீழே அன்றைய தேதி. தொட்டுப் பார்த்தார். விரலில் மை ஒட்டியது. இதற்கு எழுபது வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பழக்கதோஷத்தில் ஒரு கணம் யோசித்தார்.

இடது பக்கம் தங்கை உட்கார்ந்திருந்தாள். முழு முகம். வெட்டுப்படாத முகம். அவள் ஒரு கையால் இடப்பக்கத் தாளைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தின் வலது ஓரத்தில், கீழே, கேமராவுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரல் அவருடையது.